நடப்பு நிகழ்வுகள்: போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாலை நேரத்தில் ஒரு சின்னக் குழுவாகச் சேர்ந்து படிக்கிறோம். குரூப் 4 எழுதுபவர்கள், குரூப் 2 எழுதுபவர்கள், யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் இரண்டு பேர் என்று கலவையான கூட்டம். பொருளாதாரம், ஆட்சி, அறிவியல் மூன்றிலும் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் உள்ள நிலவரம் எல்லாம் 2025 டிசம்பர் இறுதி வரையிலானது. நீங்கள் படிக்கும் நாளில் எண் மாறியிருந்தால் உங்கள் நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

எத்தனை மாதச் செய்தி படித்தால் போதும்?

தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி ஒரு வருடம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கணக்கு. நிகழ்வுகளுக்கு அது சரி. ஆனால் ஒரு செய்தி பேப்பரில் வந்த நாள் வேறு, அது உண்மையில் தொடங்கிய நாள் வேறு. ஜிஎஸ்டி அடுக்குகள் மாறியது 2025 செப்டம்பரில். அதைப் புரிந்துகொள்ள 2016-ல் நடந்த அரசியலமைப்புத் திருத்தம் வரை போக வேண்டும். அதனால் நான் சொல்வது, ஒரு செய்தியைப் படித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்குப் பின்னால் இருக்கும் சட்டப்பிரிவு எது, இது எப்படி வேலை செய்கிறது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அந்தச் செய்தியிலிருந்து நான்கு விதமாகக் கேள்வி வந்தாலும் சமாளிக்கலாம். தேதியையும் பெயரையும் மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் ஒரே ஒரு கேள்விக்குத்தான் உதவும், அந்த ஒன்றும் வருமா என்பது நிச்சயமில்லை.

மாத இதழ் மாதிரி வரும் தொகுப்புப் புத்தகங்களைத் தவறு என்று சொல்லமாட்டேன், விட்டுப்போனது இருக்கிறதா என்று சரிபார்க்க அவை நல்லவை. முதல் வாசிப்பு தினசரிப் பேப்பராக இருக்கட்டும். பத்திரிகை தகவல் அலுவலகத்தின் செய்திக்குறிப்புகள் தமிழிலேயே இணையத்தில் கிடைக்கின்றன, நிறையப் பேருக்கு இது தெரியவே இல்லை.

ரெப்போ விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது. எதைத்தான் நினைவில் வைப்பது?

முதலில் ஓட்டத்தைப் பிடியுங்கள். கொரோனா காலத்தில், 2020 மே மாதம், ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, 4 சதவீதத்துக்கு இறங்கியது. இரண்டு வருடம் அங்கேயே நின்றது. விலைவாசி ஏறியதும் 2022 மே மாதத்தில் ஏற்றத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-க்குக் கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம் அசையவில்லை. 2025-ல் இறக்கம்: பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் ஒரே அடியாக அரை சதவீதம் குறைத்து 5.5, டிசம்பரில் 5.25. ஆக ஒரே வருடத்தில் மொத்தம் 1.25 சதவீதப் புள்ளி குறைந்திருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு கோடாக வரைந்து பார்த்தால் மறக்காது.

அப்புறம் இயந்திரம். முடிவெடுப்பது ஆறு பேர் கொண்ட பணவியல் கொள்கைக் குழு, மூன்று பேர் ரிசர்வ் வங்கியிலிருந்து, மூன்று பேர் மத்திய அரசு நியமிப்பவர்கள். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் ரிசர்வ் வங்கி ஆளுநருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு உண்டு. 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தித்தான் இந்தக் குழுவுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள். வருடத்துக்குக் குறைந்தது நான்கு முறை கூட வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் ஆறு முறை கூடுகிறார்கள். இந்த 'சட்டத்தில் நான்கு, நடைமுறையில் ஆறு' தேர்வில் வழுக்கிவிடும் இடம், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இலக்கு 4 சதவீதப் பணவீக்கம், மேலே 2, கீழே 2 வரை விலகலாம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் சராசரிப் பணவீக்கம் 6-க்கு மேலே போனாலும், 2-க்குக் கீழே இறங்கினாலும் இலக்கு தவறியதாகக் கணக்கு, அரசுக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே போவது மட்டும்தான் தோல்வி என்று நினைப்பவர்கள் அதிகம்.

சிஆர்ஆர் எனப்படும் ரொக்க இருப்பு விகிதத்தையும் 2025 ஜூனில் 4-லிருந்து 3-ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள், செப்டம்பர் முதல் நவம்பர் வரை நான்கு தவணையாக. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் விலை. சிஆர்ஆர் என்பது வங்கிகள் தங்கள் வைப்புத்தொகையில் ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைத்தே ஆக வேண்டிய பங்கு, அதற்கு வட்டி கிடையாது. ஒன்று பணத்தின் விலையைத் தொடுகிறது, மற்றொன்று அளவைத் தொடுகிறது.

பணவீக்கம் 0.25 சதவீதம் என்றார்கள். கடையில் விலை குறையவே இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் குழுவில் பருப்புக் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள். நல்ல கேள்வி. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம், 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தத் தொடரிலேயே மிகக் குறைவு. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். போன வருடம் 100 ரூபாய் விற்றது இந்த வருடம் 100 ரூபாய் 25 காசு என்கிறது அந்த எண். விலை உண்மையிலேயே இறங்கினால் அது பணவாட்டம், பணவீக்க எண் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும்.

இன்னொரு விஷயம், 2024 அக்டோபரில் காய்கறி விலை மிக அதிகமாக இருந்தது, பணவீக்கமும் 6-ஐத் தாண்டியிருந்தது. அந்த உயரத்தோடு ஒப்பிடுவதால் 2025 எண் இன்னும் தாழ்வாகத் தெரிகிறது. இதைத்தான் அடிப்படை விளைவு என்கிறார்கள். மேலும் அந்தத் தொடரில் உணவு, பானங்களின் எடை 45.86 சதவீதம், அதாவது கிட்டத்தட்டப் பாதி. காய்கறி இறங்கினால் மொத்த எண்ணும் கூடவே இறங்கும், உங்கள் வீட்டு வாடகையோ பள்ளிக் கட்டணமோ ஏறியிருந்தாலும்.

ஜிஎஸ்டி 2.0 என்கிறார்களே, அதில் என்ன கேட்பார்கள்?

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி மன்றத்தின் (மத்திய, மாநில அரசுகளின் அமைச்சர்கள் சேர்ந்து உட்காரும் அமைப்பு) 56-வது கூட்டம், செப்டம்பர் 22 முதல் நடைமுறை. 5, 12, 18, 28 என்று இருந்தது முக்கியமாக 5, 18 என்று சுருங்கி, சில ஆடம்பர, தீங்கான பொருள்களுக்கு 40 என்று ஆனது. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு வரி இல்லை. இவ்வளவுதான் செய்தி.

கேள்வி வரப்போவது மன்றத்தைப் பற்றி. பிரிவு 279ஏ. மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு எடை தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள், எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தாலும் 66.67 தான், 75 வராது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நடக்காது. மறுபக்கம், மத்திய அரசிடம் 33.33 இருக்கிறது, இன்னும் 41.67 வேண்டும், அதற்கு 28 மாநிலங்களும் சட்டமன்றம் உள்ள 3 யூனியன் பிரதேசங்களும் ஆக 31 பேரும் வந்து வாக்களித்தால் குறைந்தது 20 பேர் ஆதரவு வேண்டும். இந்த ஒரு கணக்கைச் சொந்தமாகப் போட்டுப் பார்த்தவர்களுக்கு 279ஏ என்ற எண் தானாகவே மனதில் நின்றுவிடுகிறது, நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

2022-ல் மோகித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மன்றத்தின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது, அவற்றுக்கு அறிவுறுத்தும் மதிப்பு மட்டுமே உண்டு என்றது. மது ஜிஎஸ்டிக்குள் வராதது அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. பெட்ரோல், டீசல் அப்படியில்லை, மன்றம் ஒரு தேதியைப் பரிந்துரைத்தால் உள்ளே வந்துவிடும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுப் படிக்காதீர்கள்.

நிதிக்குழுவில் தமிழ்நாட்டுப் பங்கு பற்றிப் பேச்சு வருகிறது. எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும்?

ஆழமாகவே படியுங்கள், நம் மாநிலத்தின் பணம் இது. பிரிவு 280, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 15-வது நிதிக்குழுவின் தலைவர் என்.கே. சிங். மத்திய வரியில் பகிர்ந்துகொள்ளும் தொகையில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்றது. முந்தைய 14-வது குழு 42 சொல்லியிருந்தது, ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசம் ஆனதால் 1 குறைந்தது. அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16-வது குழு 2025 நவம்பர் 17-ல் குடியரசுத் தலைவரிடம் அறிக்கை கொடுத்தது, அது 2026-27 முதல் 2030-31 வரைக்கானது.

மாநிலங்களுக்குள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் சர்ச்சை. 15-வது குழுவில் வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடை, அதாவது தலா வருமானம் மிக அதிகமான மாநிலத்திலிருந்து நீங்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறீர்களோ அவ்வளவு பணம். 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, காடு மற்றும் சூழலுக்கு 10, பிறப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, வரி முயற்சிக்கு 2.5. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 சதவீதம். வருமானம் உயர்ந்த மாநிலம் என்பதால் பெரிய எடையில் இழக்கிறோம், குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னால் போனதற்கு 12.5-ல் கொஞ்சம் திரும்பப் பெறுகிறோம். இதோடு செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகளாக மத்திய அரசு வசூலிப்பது பகிரும் தொகுப்புக்குள் வருவதே இல்லை, அதனால் அந்த 41 என்பது மொத்த வரியில் 41 இல்லை. முதன்மைத் தேர்வு எழுதுபவர்கள் இந்த ஒரு வரியை விடவே கூடாது.

மகளிர் ஒதுக்கீட்டுத் திருத்தம் 128-வதா 106-வதா? குழப்பமாக இருக்கிறது.

இரண்டும் சரி. நாடாளுமன்றத்துக்கு வரும்போது மசோதாவுக்கு ஒரு எண், நிறைவேறிச் சட்டமானபின் திருத்தத்துக்கு வேறு எண். நிறைய மசோதாக்கள் நடுவிலேயே நின்றுபோவதால் மசோதா எண் எப்போதும் முன்னால் ஓடும். ஜிஎஸ்டி 122-வது மசோதா, 101-வது திருத்தம். பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீடு 124-வது மசோதா, 103-வது திருத்தம். மகளிர் ஒதுக்கீடு 128-வது மசோதா, 106-வது திருத்தம். ஒரே நேரத் தேர்தலுக்கான 129-வது மசோதா 2024 டிசம்பரிலும், 30 நாள் தொடர்ந்து காவலில் இருக்கும் பிரதமர், முதல்வர், அமைச்சர்களை நீக்க வழிசெய்யும் 130-வது மசோதா 2025 ஆகஸ்டிலும் அறிமுகமாகிக் கூட்டுக் குழுவுக்குப் போயின, அவற்றுக்குத் திருத்த எண் இன்னும் கிடையாது.

ஆளுநர் வழக்கில் ஏப்ரல் தீர்ப்பு ஒன்று, நவம்பரில் ஒன்று. எது செல்லும்?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் பிரிவு 142, 143, 200, 201 நான்கும் அடங்கியிருக்கின்றன.

தமிழ்நாடு சட்டமன்றம் அனுப்பிய மசோதாக்களில் பத்துக்கு, பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் சம்பந்தப்பட்டவை, ஒப்புதலை நிறுத்திவைப்பதாக 2023 நவம்பரில் ஆளுநர் சொன்னார். சட்டமன்றம் நவம்பர் 18-ல் சிறப்புக் கூட்டம் போட்டு அந்தப் பத்தையும் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. பிரிவு 200-ன்படி மறுபடி நிறைவேறி வந்தால் ஆளுநர் ஒப்புதலை மறுக்கக் கூடாது. ஆனால் அவற்றைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பிவிட்டார். மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2025 ஏப்ரல் 8-ல் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு ஆளுநர் செய்தது சட்டப்படி தவறு என்று சொல்லி, பிரிவு 142-ன் கீழ் அந்தப் பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்றது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்பும் வகுத்தது. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் பிரிவு 143-ன் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20-ல் பதில் சொன்னது: நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது என்ற ஏற்பாடு அரசியலமைப்பில் இல்லை. அதே நேரம் ஆளுநர் காரணமில்லாமல் காலவரையின்றி மசோதாவைக் கிடப்பில் போடவும் முடியாது, அப்படிப் போட்டால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் வரம்புக்குட்பட்ட ஆணை பிறப்பிக்கலாம்.

இப்போது உங்கள் கேள்வி. 143-ன் கீழ் வருவது ஆலோசனைக் கருத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பு இல்லை. அதனால் ஏப்ரல் தீர்ப்பு அந்தப் பத்து மசோதாக்கள் விஷயத்தில் ரத்தானதாக எழுதிவிடாதீர்கள். ஆனால் இனி வரும் மசோதாக்களில் சட்ட நிலை என்ன என்று கேட்டால் ஐந்து நீதிபதிகளின் கருத்துக்குத்தான் எடை அதிகம். விரிவாக எழுத வேண்டிய தேர்வில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக இரண்டு வரியில் சொன்னாலே திருத்துபவருக்கு நீங்கள் படித்தவர் என்று புரிந்துவிடும். மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் நிறைவேற்றியது எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பது வெறும் தேர்வுக் கேள்வி இல்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027: இதில் படிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 2025 ஜூன் 16-ல் அறிவிக்கை வந்தது. கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1, பனி விழும் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1. முதல்முறையாக டிஜிட்டல் முறை. 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் கணக்கெடுக்கப்போகிறார்கள்.

மக்களவையில் மாநிலங்களுக்கான இட எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பின்படியே உறைந்து நிற்கிறது. 1976-ல் 42-வது திருத்தம் 2000 வரை நிறுத்தியது, 2001-ல் 84-வது திருத்தம் '2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு' வரை நீட்டியது. 2027 மார்ச் 1 என்பது 2026-க்குப் பிறகுதானே. அதனால்தான் தமிழ்நாட்டில் 39 இடம் என்ன ஆகும் என்ற கவலை எழுந்தது. மகளிர் ஒதுக்கீட்டுச் சட்டத்திலும், பிரிவு 334ஏ-வில், சட்டம் தொடங்கியபின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு, அதன்பின் தொகுதி மறுவரையறை, அதற்குப் பிறகே ஒதுக்கீடு என்று எழுதியிருக்கிறது. ஒரு கணக்கெடுப்பு எத்தனை கதவைத் திறக்கிறது பாருங்கள். இந்தத் தொடர்பைப் பிடித்துவிட்டால் மூன்று தலைப்பு ஒரே வாசிப்பில் முடிந்துவிடும்.

நூறு நாள் வேலை இனி 125 நாளா?

ஆமாம், 2025 டிசம்பரில் நிறைவேறிய விக்சித் பாரத் ஜி ராம் ஜி சட்டம் 2005-ன் மகாத்மா காந்தி பெயரிலான சட்டத்துக்குப் பதிலாக வருகிறது. நாள் எண்ணிக்கை 125. ஆனால் பழைய சட்டத்தில் உடல் உழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது, புதியதில் பெரும்பாலான மாநிலங்களுக்குச் செலவு 60-க்கு 40, வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. நாள் கூடியதை மட்டும் படிக்காமல் யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், கிராமத்தில் நம் அம்மாக்களுக்கு அதுதான் முக்கியம்.

இஸ்ரோ செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. 'அதிக எடை' சாதனை எது?

எந்தச் சுற்றுப்பாதை என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 2-ல் எல்விஎம்3-எம்5 ராக்கெட் கொண்டுபோன சிஎம்எஸ்-03 தகவல் தொடர்புச் செயற்கைக்கோள், சுமார் 4,410 கிலோ, இந்திய மண்ணிலிருந்து புவிநிலை மாற்றுப் பாதைக்குப் போனதில் அதிக எடை. டிசம்பர் 24-ல் அதே வகை ராக்கெட் கொண்டுபோன அமெரிக்க நிறுவனத்தின் புளூபேர்ட் செயற்கைக்கோள் சுமார் 6,100 கிலோ, இது தாழ்வான பாதை. இரண்டும் சாதனைதான், ஒன்றை இன்னொன்றின் இடத்தில் எழுதினால் தவறு.

மற்றவை சுருக்கமாக: 2025 ஜனவரி 16-ல் ஸ்பேடெக்ஸ் மூலம் விண்வெளியில் இரு கலங்களை இணைத்த நான்காவது நாடானோம். ஜனவரி 29 ஏவுதல் ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது. மே 18-ல் பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் கட்டக் கோளாறால் தோற்றது, தோல்விகளையும் படிக்க வேண்டும். சுபான்ஷு சுக்லா ஜூன் 25-ல் கிளம்பிச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியரானார், பூமியின் சுற்றுப்பாதைக்குப் போன இந்தியர்களில் 1984-ன் ராகேஷ் சர்மாவுக்கு அடுத்தவர். ஜூலை 30-ல் நாசாவோடு சேர்ந்து அனுப்பிய, பூமியைக் கண்காணிக்கும் நிசார் செயற்கைக்கோள், அதில் எல் அலைவரிசை ரேடார் நாசாவுடையது, எஸ் அலைவரிசை நம்முடையது.

குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் எதற்கு?

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துருவப் பாதைக்குச் செயற்கைக்கோள் அனுப்ப ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வருகிறது. கழன்று விழும் பாகங்கள் அங்கே மக்கள் மேல் விழக்கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே போய், கடல் மேல் வளைந்து, பிறகு தெற்கே திரும்புகிறார்கள். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். பிஎஸ்எல்வி மாதிரி பெரிய ராக்கெட் அதைத் தாங்கும். தாழ்வான பாதைக்கே 500 கிலோ அளவுக்குச் சுமக்கும் எஸ்எஸ்எல்விக்கு அந்த இழப்பு மிகப் பெரிது. தூத்துக்குடி மாவட்டத்தின் அந்தக் கடற்கரையிலிருந்து தெற்கே திறந்த கடல், நேராகப் போகலாம். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து கிழக்கே ஏவ முடியாது, இலங்கை இருக்கிறது, ஆகவே ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இது மாற்று இல்லை, துணை.

மரபணு திருத்திய நெல்லும் மரபணு மாற்றுப் பயிரும் ஒன்றுதானே?

இல்லை. பிடி பருத்தியில் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் சேர்த்தார்கள், அது மரபணு மாற்றம். 2025 மே 4-ல் வெளியிட்ட இரண்டு நெல் ரகங்களில் வெளியிலிருந்து மரபணு எதையும் மிச்சம் வைக்கவில்லை, நெல்லிலேயே இருக்கும் ஒரு மரபணுவை கிரிஸ்பர் முறையில் திருத்தியிருக்கிறார்கள். ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஆர்ஆர் தன் 100, பெயர் கமலா, நம் விவசாயிகள் பிபிடி என்று சொல்லும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டிஎஸ்டி நெல் 1, எம்டியு 1010 ரகத்திலிருந்து. இந்த வகைத் திருத்தங்களுக்கு 2022-லேயே கடுமையான விதிகள் சிலவற்றிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். விதை உரிமை யாரிடம் இருக்கும் என்று விவசாய அமைப்புகள் கேட்கும் கேள்வியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்பாக்கம் ஈனுலை ஏன் இவ்வளவு முக்கியம்?

நம் நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியம் அதிகம். ஆனால் தோரியம் நேராக எரியாது. ஹோமி பாபா அதனால் மூன்று படி வகுத்தார். முதல் படியில் இயற்கை யுரேனியத்தைக் கனநீர் உலையில் எரிப்பது. அதன் மிச்சத்திலிருந்து கிடைக்கும் புளூட்டோனியத்தை இரண்டாம் படியில் வேக ஈனுலையில் போடுவது, அது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும். மூன்றாவது படி தோரியம். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலை இரண்டாம் படியின் வாசல். குளிர்விப்பதற்குத் திரவ சோடியம், ஏனென்றால் தண்ணீர் நியூட்ரானின் வேகத்தைக் குறைத்துவிடும், இங்கே வேகம் வேண்டும்.

புதைபடிவம் சாராத மின்சாரம் 50 சதவீதம் தாண்டியது என்றால் பாதி மின்சாரம் சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறதா?

அப்படி இல்லை. 2025-ல் தாண்டியது நிறுவுதிறன், அதாவது நிலையங்கள் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய மின்சாரத்தின் அளவு, 2030-க்கு வைத்த இலக்கு ஐந்து வருடம் முன்பே எட்டியது, பெருமைதான். அதில் நீர் மின்சாரமும் அணு மின்சாரமும் சேர்த்தி. சூரியத் தகடு ராத்திரி உற்பத்தி செய்யாது, அனல்மின் நிலையம் செய்யும். அதனால் உண்மையில் உற்பத்தியாகும் யூனிட்டில் நிலக்கரியின் பங்குதான் இன்னும் பெரியது.

தமிழ் வழியில் எழுதுகிறேன். கலைச்சொற்கள் குழப்புகின்றன, என்ன செய்வது?

இது உண்மையான சிரமம். ரிசர்வ் வங்கி செய்வது பணவியல் கொள்கை, அரசு வரவு செலவில் செய்வது நிதிக் கொள்கை, பாடப்புத்தகம் இப்படித்தான் பிரிக்கிறது. பேப்பர்களில் ரிசர்வ் வங்கிக் குழுவையே 'நிதிக் கொள்கைக் குழு' என்று போடுகிறார்கள், படிப்பவர் தடுமாறாமல் என்ன செய்வார். நிதிப் பற்றாக்குறை, வருவாய்ப் பற்றாக்குறை, முதன்மைப் பற்றாக்குறை மூன்றுக்கும் அப்படித்தான். 2025-26 பட்ஜெட்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.4 சதவீதம் என்று மதிப்பிட்டது நிதிப் பற்றாக்குறை. அதிலிருந்து வட்டிச் செலவைக் கழித்தால் முதன்மைப் பற்றாக்குறை. ஒரு நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலாவது எழுதி வையுங்கள். டிஎன்பிஎஸ்சி வினாத்தாளில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று அச்சிட்டிருப்பதால், தமிழ் வரி புரியாதபோது பக்கத்து ஆங்கில வரியில் அந்த ஒரு சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள்.

விருதுகள், நியமனங்கள், மாநாடுகள்?

பதவியை வைத்துப் படியுங்கள். குடியரசுத் துணைத் தலைவர் சி.பி. ராதாகிருஷ்ணன், 2025 செப்டம்பர் 12 முதல். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சூர்ய காந்த், 53-வது, நவம்பர் 24 முதல். ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்கோத்ரா, இஸ்ரோ தலைவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் வி. நாராயணன். யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்தப் பிரிவு என்பதைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். துணைத் தலைவரை இரு அவைகளின் உறுப்பினர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள், நியமன உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இல்லை. மாநாடு நடந்த ஊர்ப் பெயர்களுக்குத் தேர்வுக்கு முந்தைய பத்து நாள் போதும்.

தெரியாத கேள்விக்கு ஊகித்து விடை போடலாமா?

தேர்வைப் பொறுத்தது. யுபிஎஸ்சி முதல்நிலையில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும், நான்கில் இரண்டையாவது நீக்க முடிந்தால் மட்டும் போடுங்கள். டிஎன்பிஎஸ்சி கொள்குறித் தேர்வில் தவறுக்குக் கழிப்பு இல்லை, யோசித்துப் போடலாம். விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்பதற்கு ஐந்தாவது வட்டம் ஒன்று இருக்கிறது. அவசரத்தில் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள், கடைசி ஐந்து நிமிடத்தை அதைப் பார்க்கவே ஒதுக்குங்கள்.